இரண்டாவது பூனை கொண்டுவரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆபீஸ் கிளம்பும்போது, ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கும் பூனையின் முகம் நாள் முழுக்க மனதை உறுத்தும். "பாவம், தனியா கிடக்கு, ஒரு துணை பார்த்துடலாம்" என்று அடுத்த வாரமே ஒரு குட்டி வந்துவிடும். தனிமை நமக்குப் புரிந்த துயரம் என்பதால் பூனைக்கும் அதுதான் என்று எண்ணிவிடுகிறோம்.

பூனை தனியாக வேட்டையாடிப் பழகிய விலங்கு. நாயைப் போல அதற்குக் கூட்டம் கட்டாயமில்லை. கூடப்பிறந்த குட்டிகளோ, இரண்டு முதல் ஏழு வார வயதில் மற்ற பூனைகளோடு வளர்ந்தவையோ துணையை எளிதாக ஏற்கும். நான்கைந்து வருடம் ஒற்றையாக ஆண்ட பூனைக்கு, வருகிற விருந்தாளி முதலில் எல்லை தாண்டிய அந்நியன்தான். வீட்டுப் பூனைகளிடம் பெரும்பாலும் தெரிவது சலிப்பு. இதைச் சோதித்துப் பார்க்கலாம்: இரண்டு வாரம், காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், குச்சியில் கட்டிய இறகை ஓடவிட்டு விளையாடுங்கள். ஜன்னலோரம் ஏறி உட்கார ஓர் இடம் அமையுங்கள். அதிலேயே தெளிந்துவிட்டால் அதற்கு வேண்டியிருந்தது உங்கள் நேரம்.

இதைவிட மோசமானது, நோயைத் தனிமை என்று நினைப்பது. லிட்டர் பாக்ஸுக்கு (மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி) வெளியே சிறுநீர் கழிப்பது, வயிற்று முடியை நக்கி நக்கி வழுக்கையாக்குவது, காரணமின்றிக் கத்துவது: இவற்றுக்கு முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவர். மன அழுத்தமே பூனையின் சிறுநீர்ப்பையைப் பாதிக்கும்; அந்த நிலையில் இன்னொரு பூனை வந்தால் நோய் முற்றும். ஆண் பூனை அடிக்கடி பெட்டிக்குப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அடைப்பு ஒன்றிரண்டு நாளில் உயிரை எடுத்துவிடும்.

துணை யாருக்குப் பொருந்தும்? இரண்டு வயதுக்குள் இருந்து, ராத்திரியில் உங்கள் காலைப் பதுங்கிப் பிடித்து விளையாடும் பூனைக்குப் பொருந்த நல்ல வாய்ப்புண்டு. பத்து வயதுப் பூனைக்கு மூன்று மாதக் குட்டி மிகத் தவறான ஜோடி. குட்டி நாள் முழுக்கக் கட்டிப் புரள நினைக்கும். மூட்டு வலியுள்ள கிழவி பீரோ அடியில் ஒளிந்தே வாழும். ஆணா பெண்ணா என்பதைவிட வயதும் சுறுசுறுப்பும் ஒத்துப்போவது முக்கியம். இனிமேல்தான் முதல் பூனையே வாங்கப் போகிறீர்களா? கூடப்பிறந்த இரண்டை ஒன்றாக எடுங்கள். இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் "அண்ணன் தங்கைதானே" என்று கருத்தடையைத் தள்ளிப் போடாதீர்கள். பெண் குட்டி நான்கு மாதத்திலேயே சினைப்படலாம். ஆணுக்கு அறுவை முடிந்த பிறகும் சில வாரம் இனப்பெருக்கத் திறன் மிச்சமிருக்கும்.

அடுத்து வீடு. அறுநூறு சதுர அடி ஃபிளாட்டில் இரண்டு பூனை வாழ முடியும், ஒன்றின் வழியை மற்றொன்று மறிக்காத வரை. லிட்டர் பாக்ஸ் பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, மூன்று. மூன்றையும் பாத்ரூமில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். வாசலில் ஒருவன் படுத்தால் மற்றவன் போக முடியாது. ஈரத் தரையும் பூனைக்குப் பிடிக்காது. மூடியில்லாத அகலமான பிளாஸ்டிக் டப், பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். சாப்பாட்டுக் கிண்ணங்கள் ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் இருக்கட்டும். பீரோ மேலும் லாஃப்ட்டிலும் ஏற வழி செய்யுங்கள், உயரமும் இடம்தான். பால்கனியில் கட்டிய புறா வலையை நம்ப வேண்டாம், நைலானைப் பூனை கடித்து அறுத்துவிடும். கம்பி வலை போடுங்கள். உணவு, மணல், தடுப்பூசி எல்லாம் இரட்டிப்பாகும். சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் பூனைக்கும் உண்டு.

ஐப்பசி மழையில் தெருவோரம் கத்தும் குட்டியைத் தூக்கி வருவது நல்ல காரியம். அதை நேராக ஹாலில் விடுவதுதான் பேராபத்து. பான்லூகோபீனியா எனும் பூனை பார்வோ வைரஸ் நோய், அறிகுறி காட்டப் பத்து நாள் வரை எடுக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளில் பெரும்பாலானவை இதில் இறந்துபோகும். ஆகவே 14 நாள் தனி அறை, தனிக் கிண்ணம், கையை சோப்பு போட்டுக் கழுவுதல். அதற்குள் உண்ணி, காதுப் பூச்சி, படர்தாமரை பார்த்து, எஃப்ஐவி (நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் பூனை வைரஸ்), பூனை லுக்கேமியா வைரஸ் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். வீட்டிலிருக்கும் பூனையின் தடுப்பூசி நாள் கடந்திருந்தால் முதலில் அதைப் போடுங்கள். பார்வோ கிருமி தரையில் ஒரு வருடம் வரை தாங்கும். பினாயில் இதற்கு உதவாது, பூனைக்கே நஞ்சு. தரையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி திரவ பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி கழுவிக் காயவிட்ட பிறகே பூனையை விடுங்கள்.

தீபாவளி வாரத்தில் அறிமுகம் வேண்டவே வேண்டாம். வெடிச் சத்தத்தில் வந்த பயத்தைப் பூனை எதிரில் நிற்கும் புதியவன் மேல் ஏற்றிவிடும். கத்திரி வெயிலில் என்றால் பூட்டிய அறையில் ஃபேன் ஓட வேண்டும்.

இனி, அதிகம் சொதப்பும் இடம். கேரியரைத் திறந்து இரண்டையும் முகத்துக்கு முகம் விட்டு, "அடிச்சுக்கிட்டு அப்புறம் ஒண்ணாயிடும்" என்று காத்திருப்பது. பூனைகள் சண்டை போட்டுச் சமாதானமாவதில்லை. முதல் சண்டையின் பயம் மாதக்கணக்கில் நிற்கும். பூனைக்கு அறிமுகம் மூக்கில் தொடங்குகிறது. ஒரு துணியால் புதியதன் கன்னத்தைத் தடவி, பழையது படுக்கும் இடத்தருகே வையுங்கள். அதேபோல் மறுபக்கமும். பிறகு மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு: முதலில் கதவிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, நிதானமாகச் சாப்பிட்டால் அடுத்த வேளை சற்று நெருக்கி. அப்புறம் தினம் ஒரு மணி நேரம் அறைகளை மாற்றுங்கள். அடுத்து கொசுவலைக் கதவு வழியாகப் பார்க்கட்டும். அதுவும் அமைதியாக நடந்த பிறகே நேருக்கு நேர், ஐந்து நிமிடம். சில வீடுகளில் மூன்று வாரம், சிலவற்றில் மூன்று மாதம்.

சீறுவது, ஒரு அடி போடுவது இயல்பு. உடம்பை விறைத்து வெறிப்பதும் லிட்டர் பாக்ஸுக்குப் போகும் வழியை மறிப்பதும்தான் அபாயம். சத்தமில்லாமல் நடப்பதால் பலர் கவனிப்பதே இல்லை. சண்டை மூண்டால் நடுவே அட்டையைச் செருகுங்கள், அல்லது போர்வையைப் போடுங்கள். கையை விடாதீர்கள். கடிபட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சித் திட்டுவதும் கெடுதல்: "இவன் வந்தாலே எனக்குத் தண்டனை" என்று பூனை கற்றுக்கொள்ளும். அதற்குப் பதில் அறிமுகத்தில் ஒரு படி பின்னால் போங்கள். புதியது இரண்டு நாளாகச் சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள், கல்லீரல் பாதிக்கும்.

குட்டி தருபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்: "ஒரு மாதம் ஃபாஸ்டராக வைத்துப் பார்க்கட்டுமா, ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒன்றையொன்று நக்கிக் கொடுக்காவிட்டாலும், தனித்தனிச் சோபாவில் நிம்மதியாகத் தூங்கினால் அது நல்ல ஜோடிதான். அப்படிப் பழகியவைகூட, ஒன்று மருத்துவமனை வாசனையோடு திரும்பும் நாளில் மற்றொன்று அதைக் கண்டு சீறும். அன்று ஒரு நாள் திரும்பி வந்ததைத் தனி அறையில் வைத்து, வீட்டு வாசனை ஒட்டிய பிறகு சேர்த்துவிடுங்கள்.