முற்றத்தில் பகிடிப் படம்: கடைசிக் கதிரைக்கும் சிரிப்பு எட்ட

சண்டைப் படத்தில் பாதி வசனம் கேட்காவிட்டாலும் பெரிய நட்டமில்லை, அடிபிடி கண்ணுக்குத் தெரியும். பகிடிப் படத்தில் ஒரு சொல் தவறினால் பகிடியே இல்லை. முன்னுக்குப் பாயில் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கும்போது பின்னுக்கு இருக்கும் அம்மம்மா "என்னவாம்?" என்று கேட்பார். பக்கத்தில் இருப்பவர் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த பகிடியும் போய்விடும். இப்படி மூன்று தடவை நடந்தால் அவர் எழும்பி உள்ளே போய்ப் படுத்துவிடுவார். அதனால் முற்றத்தில் குடும்பமாகப் பகிடிப் படம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை படத் தெரிவும் ஒலியும். திரை அதற்குப் பிறகுதான்.

தெரிவில் இருந்து தொடங்குவோம். ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டுச் சொந்தம் வந்து நிற்கும் வீட்டில் 8 வயதும் 80 வயதும் ஒரே முற்றத்தில் இருக்கும். "குடும்பப் படம்" என்ற விளம்பரச் சொல்லை மட்டும் நம்பிப் போட வேண்டாம். இந்தியத் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். முன்பு பொதுப் படங்களுக்கு யு (எல்லாருக்கும்), யு/ஏ (பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டலோடு), ஏ (வயது வந்தோருக்கு) என்று இருந்தது. 2024 இல் வந்த புதிய விதிகளின்படி யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் 7+ உடன் நிற்பது நல்லது.

அதன்பிறகு படத்தை ஒருவர் முன்கூட்டியே பார்க்க வேண்டும். முழுதும் பார்க்க நேரமில்லையென்றால் முதல் 20 நிமிடமும், இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக 10 நிமிடமும் போதும். பகிடி எங்கிருந்து வருகிறது என்பதை முதல் 20 நிமிடம் காட்டிவிடும். இரண்டாம் பாதியில் படம் வெட்டுக்குத்துக்குத் திரும்பப் போகிறதா என்பது இடைவேளைப் பகுதியில் தெரியும். ஒரு மனிதன் அகப்பட்டுக்கொண்ட நிலைமையில் இருந்து பிறக்கும் பகிடி எல்லா வயதுக்கும் போகும். வேறு படங்களின் வசனத்தையும் இணையத்தில் ஓடுகிற மீம்களையும் வைத்துச் செய்யும் பகிடி இளசுகளைத் தாண்டாது. நிறம், உடம்பு, திக்குவாய் ஆகியவற்றை வைத்துச் சிரிப்பூட்டும் படத்தை ஒதுக்கிவிடுங்கள். கூடியிருக்கும் இருபது பேரில் அது யாரோ ஒருவரை நேரே குத்தும்.

அண்மைய படங்களில் முற்றத்துக்கு மிகப் பொருத்தமாகப் படுவது 'லப்பர் பந்து' (2024). வருங்கால மாமனாரும் மருமகனும் மைதானத்தில் முட்டிக்கொள்ளும் கதை. மென்பந்துக் கிரிக்கெட் விளையாடாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் இல்லை என்பதால் பெடியளுக்கு விளக்கம் தேவையில்லை. தினேஷின் பாத்திரம் விஜயகாந்த் ரசிகர். பழைய விஜயகாந்த் பாட்டு வரும் இடத்தில் ஐம்பது வயதுக்காரர் நிமிர்ந்து உட்காருவார்கள். சுவாசிகா, தினேஷ் இருவரும் கணவன் மனைவியாகச் சண்டை பிடிக்கும் காட்சிகள் பெரியம்மாமாருக்கு. அணித் தெரிவில் சாதி நுழைவதையும் படம் மழுப்பாமல் காட்டுகிறது. எங்கள் ஊருக்கும் அது வேண்டிய கதைதான்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) இங்கே போட்டால் நிச்சயம் விவாதம் எழும். இலங்கையில் இருந்து படகில் தமிழ்நாட்டுக்குப் போகும் குடும்பம், பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து பயந்து வாழ்வதில்தான் அதன் பகிடி இருக்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் பேசுவது எங்கள் பேச்சுப் போல இருக்கிறதா என்று முதல் பத்து நிமிடத்திலேயே முற்றத்தில் சத்தம் கிளம்பும். "அந்தக் கதையைத் தேத்தண்ணி நேரம் கதைப்போம்" என்று படம் தொடங்க முன்னரே சொல்லிவையுங்கள். பேச்சைப் பிழை பிடிப்பதில் நின்றுவிட்டால், அயல் சனத்தோடு அந்தக் குடும்பம் ஒட்டிக்கொள்ளும் அழகான பகுதிகளைத் தவறவிடுவீர்கள். ஒரு சாவு வீட்டுக் காட்சியும் உண்டு. அண்மையில் துக்கம் கண்ட வீடென்றால் ஆறு மாதம் பொறுங்கள்.

'மெய்யழகன்' (2024) அருமையான படம், ஆனால் பகிடிப் படம் என்று சொல்லிக் கூப்பிடாதீர்கள். கார்த்தி வரும்போது சிரிப்பு வரும். தொடக்கமோ 1996 இல் ஒரு குடும்பம் தன் வீட்டை விட்டு வெளிக்கிடுவது. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் உள்ள முற்றத்தில் அந்தக் காட்சி வேறுமாதிரி இறங்கும். வெளியான சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடம் குறைத்தார்கள், அப்படியும் நீளம்தான். பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுப் பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம்.

பிள்ளைகளே பெரும்பான்மை என்றால் ராமின் 'பறந்து போ' (2025). மிர்ச்சி சிவா அப்பாவாக, குறும்புக்கார மகனோடு ஊரூராகச் சுற்றுகிற படம். கதை மெல்லிசு என்பதால் இடையில் எழும்பிப் போய்வந்தாலும் பிடிபடும். குறட்டையை வைத்து முழுக் கதை பின்னிய 'குட் நைட்' (2023) இளம் தம்பதிகள் கூடும் இரவுக்கு நல்லது, ஆனால் அமைதியான வசனம் நிறைய. ஒலி சரியில்லாவிட்டால் போடாதீர்கள். 'பெருசு' (2025) பெயரையும் சுவரொட்டியையும் பார்த்து அப்பப்பாவோடும் பேரப்பிள்ளைகளோடும் உட்கார்ந்துவிட வேண்டாம். இலங்கை இயக்குநர் இளங்கோ ராம் தன் சிங்களப் படத்தைத் தானே தமிழில் திரும்ப எடுத்தது, கெட்டிக்காரத்தனமான படம், ஆனால் அதன் பகிடி முழுக்க வயது வந்தோருக்கு.

இனி ஒலி. சின்னப் புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் ஒரு அறைக்குத்தான் காணும். முற்றத்தில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. 15, 20 பேருக்கு 40 முதல் 60 வாட் வரையான ஒரு சோடி ஸ்பீக்கர் வேண்டும். அவற்றைத் திரையின் இரண்டு பக்கமும் கதிரையில் இருப்பவரின் காதுயரத்துக்கு, அதாவது நிலத்தில் இருந்து 1.2 மீற்றர் அளவில், ஸ்டூலின் மேல் வைத்துக் கடைசி வரிசையின் நடுவை நோக்கித் திருப்புங்கள். நிலத்தில் வைத்தால் பாயில் இருக்கிறவர்களின் உடம்பு வசனத்தை விழுங்கிவிடும். மதில் மூலைக்குள் வைத்தால் அடித்தொனி பெருத்து, பேச்சு மூழ்கும். காது மந்தமானவர்களை இரண்டாம் வரிசையில், ஸ்பீக்கரில் இருந்து 2, 3 மீற்றர் தள்ளி ஓரமாக இருத்துங்கள். சத்தத்தை எல்லாருக்கும் கூட்டுவதைவிட இது நல்லது.

புளூடூத் வேண்டாம். அதில் ஒலி ஒரு நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்காவது பிந்தும். சொல்லும் முகபாவமும் பிரிந்தால் பகிடியின் நேரம் கெட்டுவிடும். 3.5 மி.மீ. வயரால் நேரே கொடுங்கள். வயர் கொடுத்தபின் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பெரும்பாலும் மடிக்கணினியின் சார்ஜர்தான் காரணம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், அல்லது ஸ்பீக்கர், புரொஜெக்டர், கணினி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள்.

அதிகம் பேர் அகப்படும் இடம் இன்னொன்று இருக்கிறது. பாட்டும் பின்னணி இசையும் பிளந்துகொண்டு கேட்கும், வசனம் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வரும். படத்தின் ஒலி 5.1 ஆக, அதாவது ஆறு ஸ்பீக்கருக்கென்று பிரித்ததாக, இருப்பதால் வருவது இது. அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். உங்களிடம் இருப்பது இடமும் வலமும் மட்டும். ஒலித் தெரிவில் 5.1 ஐ விட்டு ஸ்டீரியோவை எடுங்கள். அதன்பிறகு பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டுங்கள். 'நைட் மோட்' இருந்தால் போடுங்கள். அது பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னப் பேச்சை உயர்த்தும். சனம் வர முன்னர் படத்தில் இரண்டு பேர் மெதுவாகக் கதைக்கும் காட்சி ஒன்றை ஓடவிட்டு, கடைசிக் கதிரையில் போய் இருந்து கேளுங்கள்.

தமிழ் குறைவாக விளங்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இருந்தால் ஆங்கில வசன வரி தேவை. அதற்காகவே திரையின் கீழ்விளிம்பு நிலத்தில் இருந்து ஒரு மீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் வரியை மறைக்கும். 100 அங்குலப் படம் ஏறக்குறைய 221 செ.மீ. அகலமும் 125 செ.மீ. உயரமும் வரும். மினுக்கமில்லாத வெள்ளைச் சுவர் கிடைத்தால் துணியே வேண்டாம். எனாமல் பூசிய சுவர் நடுவில் பளிச்சென்று வெளிச்சம் காட்டும். வேட்டி கட்டினால் வெளிச்சம் ஊடுருவிப் போய்ப் படம் மங்கும். இரண்டாக மடித்து, பின்னுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, தொங்கவிட்ட துணி பாய்மரம்போல் உப்பும். கீழ்விளிம்பில் குழாய் ஒன்றைக் கோத்து இரண்டு முனையையும் இழுத்துக் கட்ட வேண்டும். மாரியில் விறாந்தைதான்.

இருட்டியபின் இந்த அளவுக்கு 300 முதல் 500 அன்சி லூமென் (நியம முறைப்படி அளந்த வெளிச்ச அளவு) காணும். பெட்டியில் "9000 லூமென்" என்று போட்டிருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அன்சி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சூரியன் ஆண்டின் எந்தக் காலத்திலும் 6.40 க்குள் மறைந்துவிடும் என்பதால் 7.15 க்குத் தொடங்கலாம். நுளம்புத் திரியைப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் வைத்தால் புகை ஒளிக்கற்றையில் தெரியும், கண்ணாடியிலும் படியும், ஓரங்களில் வையுங்கள்.

படத்தை இணையத்தில் நேரே ஓடவிட்டால் எச்டி தரத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை போகும், நடுவில் நின்றும் விடும். செயலி அனுமதித்தால் முதல் நாளே இறக்கிவையுங்கள். சில இந்தியத் தளங்கள் இங்கே திறக்காது, கூப்பிட முன்னர் சரிபாருங்கள். கரண்ட் நின்றால் கணினி மின்கலத்தில் ஓடும், புரொஜெக்டர் அணைந்துவிடும். பழைய விளக்குப் புரொஜெக்டர் என்றால் கரண்ட் வந்த உடனே போடாமல் சில நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு போட்டால் விளக்கின் ஆயுள் குறையும்.

கச்சானைக் கடதாசிச் சரையில் கொடுக்காமல் கிண்ணத்தில் கொடுங்கள், சரசரப்பு வசனத்தைக் கெடுக்கும். ஒழுங்கையில் செத்தவீடு நடந்திருந்தால் குறைந்தது எட்டுச்செலவு முடியும்வரை தள்ளிப்போடுங்கள். பக்கத்துக் கோயிலில் திருவிழா நாளும் ஆகாது, அந்த ஒலிபெருக்கியோடு எந்த ஸ்பீக்கரும் போட்டி போட முடியாது. சனசமூக நிலையத்தில் ஊருக்குக் காட்டுவதென்றால் அது வீட்டுப் பாவனை அல்ல, உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும்.

படம் முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பதுதான் பதிலாக வரும். "எந்த இடத்தில் கூடச் சிரித்தீர்கள், எந்த இடத்தில் நேரம் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டுக்குப் படத்தைச் சொல்லும்போது நான்கு விடயம் சொன்னால் போதும்: எவ்வளவு நேரம், எந்த வயதுக்கு மேல், பேச்சு எங்கள் ஆட்களுக்கு விளங்குமா, எந்தப் பகுதி இழுபடுகிறது. பகிடியை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.