ரேங்க் கார்டில் குறிப்பு எழுதும்போது செய்யக்கூடாதவை

அரையாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு எழுத உட்கார்ந்தால், ‘நன்று’, ‘இன்னும் முயற்சி தேவை’ என்ற இரண்டையே மாற்றி மாற்றி எழுதி வேலையை முடித்துவிடத்தான் தோன்றும். மதிப்பெண்ணைப் பார்த்தாலே தெரிகிற விஷயத்தை மறுபடி எழுதுவதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பல வீடுகளில் அந்த அட்டையில் கையெழுத்துப் போடுவது பீடி சுற்றும் அம்மாதான். மடியில் இருக்கும் தட்டை இறக்கி வைத்துவிட்டு, “என்னல எழுதிருக்காவ?” என்று மகனிடமே கேட்பார். ‘கணிதத்தில் கவனம் தேவை’ என்று இருந்தால், “நல்லா படிக்கச் சொல்லிருக்காவ” என்று அவன் முடித்துவிடுவான். அம்மாவும் இரண்டு ஏச்சு ஏசிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான்.

அவன் பத்தாம் வகுப்பு என்றால் விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். வடிவியல் படத்தையும் கிராப்பையும் தொட்டே இருக்கமாட்டான். ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண். 35 எடுத்தால் தேர்ச்சி என்கிற பாடத்தில் 16 சும்மா போகிறது. ‘படமும் கிராப்பும் போடவில்லை. தினமும் ஒரு கிராப் போட்டுப் பழகட்டும். நோட்டை வாங்கிப் பாருங்கள்’ என்று எழுதினால், கணக்கே தெரியாத அம்மாவும் ராத்திரி நோட்டைக் காட்டச் சொல்லலாம்.

‘சோம்பேறி’, ‘பொறுப்பில்லை’ என்று குணத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். ‘அறிவியல் ரெக்கார்டு நோட்டு இன்னும் வைக்கவில்லை, செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டு’ என்று நீங்கள் நேரில் பார்த்ததை எழுதினால் போதும். அதே மாதிரி, ‘அக்காவைப் போல் படிக்கவில்லை’ என்பதும் வேண்டாம். அக்கா எட்டாம் வகுப்பில் எப்படி இருந்தாள் என்பது நமக்கு வசதியாக மறந்திருக்கும்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் மோசமான குறிப்பு கிடைக்கிறது: ‘மிக நன்று’, முடிந்தது. நோட்ஸை ஒப்பிக்காமல் கட்டுரையைச் சொந்தமாக எழுதுகிறாள் என்றால் அதைச் சொல்லுங்களேன்.

வீட்டுப் பிரச்சினையை அட்டையில் ஏற்றவே கூடாது. பஸ்ஸில் போகும்போதே கூட்டாளிகள் வாங்கி வாசித்துவிடுவார்கள். பெற்றோர் வரும்போது தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், கம்ப்யூட்டரில் ஒரே குறிப்பை எடுத்து ஒட்டும்போது இசக்கியம்மாள் கார்டில் ‘இவன்’ என்று வந்துவிடும். கொடுக்கும் முன் பெயரோடு சேர்த்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.