ராய் மரத்தை அடையாளம் காண்பதும் அதன் பலகையைப் பயன்படுத்துவதும்

ஆப்கானிஸ்தான் முதல் நேபாளம் வரை, மேற்கு இமயமலையில் ஏறத்தாழ 2,100 முதல் 3,300 மீட்டர் உயரத்தில் வளரும் இமயமலை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை இமாச்சலப் பிரதேசத்து மக்கள் ராய் என்று அழைக்கின்றனர். அம்மாநிலக் காடுகளில் இது தேவதாருவோடும், தோஷ் எனப்படும் ஃபிர் மரத்தோடும் கலந்து நிற்பதால், புதியவருக்கு மூன்றும் ஒன்றாகவே தெரியும்.

முதலில் இலையைப் பாருங்கள். ராயின் ஊசியிலை நான்கு விளிம்புகள் கொண்டிருப்பதால், இரு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினால் எளிதில் உருளும். தோஷின் இலை தட்டையானது, உருளாது, அதன் அடிப்புறத்தில் வெளிறிய இரு கோடுகள் ஓடும். தேவதாருவின் இலைகளோ குறுங்கிளைகளில் கொத்துக் கொத்தாக இருக்கும். ராயின் இலை உதிர்ந்த இடத்தில் சிறு முளை எஞ்சுவதால், வெறுங்கிளையைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். விதை தாங்கும் கூம்புகளும் உதவும்: ராயின் கூம்பு கிளையிலிருந்து தொங்கி, முதிர்ந்தபின் முழுதாக விழும், தோஷ், தேவதாரு ஆகியவற்றின் கூம்புகள் மேல்நோக்கி நின்று மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ஆனால் சரிவான நிலத்தில் அடுத்த மரத்தின் கூம்பு உருண்டு வந்திருக்கக்கூடும் என்பதால், தரையில் கிடப்பதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

பலகையாக அறுத்தபின் மூக்குதான் சிறந்த கருவி. தேவதாருவில் எண்ணெய் கலந்த வாசனை வீசும். ராயில் குறிப்பிடத்தக்க மணமில்லை, நிறமும் வெளிறியிருக்கும். தோஷிலிருந்து பிரித்தறிய, கூரிய கத்தியால் குறுக்குவெட்டைச் சீவி உருப்பெருக்கியில் பாருங்கள்: ராயில் நுண்ணிய பிசின் குழாய்கள் தெரியும், தோஷில் இயல்பாக அவை இருப்பதில்லை.

ராயின் குணம் தெரிந்து வேலை கொடுப்பதே முக்கியம். எடை குறைவு, இழைப்புளிக்கு நன்கு இசையும். ஆயினும் ஈரத்தில் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் விரைவில் இடங்கொடுக்கும். எனவே மழை படும் வாசற்கால், மண்ணில் ஊன்றும் கம்பம் ஆகியவற்றைத் தேவதாருவுக்கே விட்டுவிட்டு, உட்கூரைப் பலகை, தடுப்புச்சுவர், அலமாரித் தட்டு ஆகியவற்றுக்கு ராயைக் கொள்ளுங்கள். மருந்தேற்றிவிட்டால் வெளியிலும் போடலாமே என்று சிலர் எண்ணுவதுண்டு. ஸ்புரூஸ் இன மரங்களின் வைரத்துக்குள், அதாவது நடுக்கட்டைக்குள், மருந்து எளிதில் இறங்காது என்பதால், மேற்பூச்சை நம்பிப் பயனில்லை. ஆப்பிள் பெட்டிகளுக்கு இது ஒருகாலத்தில் பெருமளவில் அறுக்கப்பட்டது. அந்த இடத்தை இப்போது அட்டைப்பெட்டிகள் பிடித்துவிட்டன.

பச்சை மரத்தை அடிமரமாகவே நெடுநாள் போட்டுவைத்தால் நீலக்கறை படியும். ஆகவே விரைவில் அறுத்து, தரையிலிருந்து உயர்த்தி, பலகைகளுக்கிடையே ஒரே தடிப்புள்ள குச்சிகளை ஒன்றுக்கு நேர்மேல் ஒன்றாக வைத்து, நேர்வெயில் படாத காற்றோட்டமான கொட்டகையில் அடுக்குங்கள். அடுக்கின் மேல் பாரம் ஏற்றினால் முறுக்கிக்கொள்வது குறையும். கணுக்கள் மிகுதியாக இருக்குமாதலால், சுமை தாங்கும் சட்டத்துக்குக் கணு பெரிதாக உள்ள துண்டை ஒதுக்கிவிட்டு, பலகை ஓரத்தில் ஆணி அடிக்கும் முன் துளையிட்டுக்கொள்ளுங்கள். பிசின் கசியும் இடங்களைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்ட பிறகே வார்னிஷ் பூச வேண்டும்.