பட்டறை வகுப்பில் முதல் மரப்பெட்டி: கோடு போடுவது முதல் வார்னிஷ் வரை

செய்யப்போவது மூடி இல்லாத சின்னப் பெட்டி. பேனா, அளவுகோல், கத்தரிக்கோல் போட்டு மேசைமேல் வைக்கலாம். வெளியளவு 240 × 120 மி.மீ., உயரம் 64 மி.மீ. மூலைகளில் காடி இணைப்பு: ஒரு பலகையின் முனையைப் படி போல வெட்டி, மற்றப் பலகையை அதில் பொருத்துவது. 45 நிமிட வகுப்பு என்றால் ஏழு வகுப்பு பிடிக்கும். அதில் ஒன்றரை வகுப்பு கோடு போடவே போய்விடும், போகட்டும். பெட்டி கோணலாவது பெரும்பாலும் ரம்பத்தால் இல்லை, பென்சிலால்தான்.

தேவையானவை

12 மி.மீ. கனம், 60 மி.மீ. அகலம், 800 மி.மீ. நீளத்தில் இழைத்த பைன் பலகை ஒன்று. அடிப்பகுதிக்கு 4 மி.மீ. பிளைவுட், 244 × 124 மி.மீ. 20 மி.மீ. மெல்லிய ஆணி 8, வெள்ளை மரப்பசை, 120, 180, 240 எண் உப்புத்தாள்.

கருவிகள்: மூலைமட்டம், மார்க்கிங் கேஜ் (விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி), குறிக்கும் கத்தி, முதுகில் இரும்புப் பட்டை வைத்த சிறு ரம்பம், 12 மி.மீ. உளி, கொட்டாப்புளி (மரச்சுத்தி), சிறிய இழைப்புளி, நான்கு கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி), கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

பலகையைக் கண்மட்டத்தில் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் வேறு எடுங்கள். முறுக்கிய பலகையை நேராக்குவது முதல் வேலைக்கு உகந்த சண்டை இல்லை.

வகுப்பு 1, 2: அளவும் கோடும்

முதலில் பலகையின் கனத்தை அளந்து பாருங்கள். 12 என்று சொல்லிக் கொடுத்தது 11.5 ஆக இருக்கும். குறுக்குப் பலகையின் (பெட்டியின் குறுகிய பக்கம்) நீளம் இதைப் பொறுத்தது: காடி ஆழம் கனத்தில் பாதி என்பதால், பெட்டியின் அகலத்திலிருந்து பலகையின் கனத்தைக் கழித்தால் போதும். 120 − 12 = 108 மி.மீ.

ஆகவே 240 மி.மீ.-ல் இரண்டு, 108 மி.மீ.-ல் இரண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ரம்பத்துக்காக 3 மி.மீ. விடுங்கள். அதை விடாமல் வரிசையாகக் குறித்தால் அடுத்தடுத்த துண்டு ஒவ்வொன்றும் ரம்பம் தின்ற அளவுக்குக் குறைந்து நிற்கும்.

பலகையின் ஒரு முகத்திலும் ஒரு விளிம்பிலும் அடையாளம் போட்டு, மூலைமட்டத்தை எப்போதும் அந்த இரண்டிலிருந்து மட்டுமே வையுங்கள். கோட்டைப் பென்சிலால் போட்டபின் கத்தியால் ஒருமுறை கீறுங்கள். நார் அங்கேயே அறுபடுவதால் ரம்பம் விளிம்பைப் பிய்க்காது.

வகுப்பு 3: அறுப்பது

பலகையை வைஸில் (மேசையோடு பொருத்திய இறுக்கி) இறுக்கி, கோட்டை ஒட்டிக் கழிவுப் பக்கத்தில் அறுங்கள். கோடு பலகையில் மிஞ்ச வேண்டும். முதல் இரண்டு இழுப்பு உங்கள் பக்கமாக, மெதுவாக. ரம்பம் தடம் பிடித்த பிறகு முழு நீளத்துக்கும் ஓட்டலாம். கடைசி 5 மி.மீ.-ல் துண்டைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முறிந்து நார் கிழியும்.

ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை முதுகோடு முதுகாக நிறுத்தி, முனையை விரல் நுனியால் தடவுங்கள். அளவுகோலில் தெரியாத அரை மில்லிமீட்டர் விரலுக்குத் தட்டுப்படும். குறுக்குப் பலகை இரண்டும் சமமாக இல்லாவிட்டால் பெட்டி ஒரு பக்கம் குறுகும். நீளமானதை உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

வகுப்பு 4: காடி

இந்த வேலையில் கஷ்டமான பகுதி இதுதான். காடி நீளப் பலகைகளின் இரு முனைகளிலும், உட்பக்கத்தில் வரும். அகலத்தை அளக்க வேண்டாம். குறுக்குப் பலகையையே முனையில் நிறுத்தி, அதன் கனத்தைக் கத்தியால் குறியுங்கள். கோட்டை அரை மி.மீ. தள்ளிப் போட்டால் நல்லது, மிஞ்சுவதைக் கடைசியில் இழைத்துவிடலாம்.

ஆழத்துக்கு மார்க்கிங் கேஜை 6 மி.மீ.-ல் வைத்து, வெளிமுகத்தில் சாய்த்து முனையிலும் இரு விளிம்பிலும் கோடு இழுங்கள். உட்பக்கத்திலிருந்து இழுத்தால், காடி வெட்டியபின் முனையில் மிஞ்சும் மெல்லிய பகுதியான நாக்கின் கனம் இடத்துக்கு இடம் மாறும்.

அகலக் கோட்டில் 6 மி.மீ. ஆழம்வரை ரம்பத்தை மட்டமாக ஓட்டுங்கள். முன்பக்கம் சரியாக நின்று பின்பக்கம் ஆழமாகிப்போவது வழக்கம். அதனால் நாலு இழுப்புக்கு ஒருமுறை பின் விளிம்பைப் பாருங்கள். கோட்டைத் தாண்டினால் நாக்கு அந்த இடத்தில்தான் உடையும்.

பிறகு உளி. பலகையை இறுக்கி, இரண்டு கையும் உளி முனைக்குப் பின்னால் இருக்கும்படி பிடியுங்கள். எடுத்த எடுப்பில் ஆழக் கோட்டில் வைத்துத் தட்டக் கூடாது. முனைப்பக்கத்தில், மேலிருந்து 2 மி.மீ. இறக்கி உளியை வைத்து மெல்ல ஒரு தட்டு. சில்லு பெயரும். பிளவு மேல்நோக்கி ஏறினால் கவலையில்லை. கீழே இறங்கினால் நார் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று பொருள். அப்போது தட்டுவதை நிறுத்திவிட்டு, விளிம்பிலிருந்து நாருக்குக் குறுக்கே மெல்லிய சீவலாக எடுங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டரைக் கொட்டாப்புளி இல்லாமல் கையழுத்தத்திலேயே சீவ வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் துண்டுகளை மேசையில் படுக்கப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் பலகை வளையும். விளிம்பில் நிறுத்தி வையுங்கள்.

வகுப்பு 5: ஒட்டுவது

உட்புறத்தை 120, 180 உப்புத்தாளால் இப்போதே தேய்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு மூலைக்குள் விரல் போகாது.

பசை இல்லாமல் ஒருமுறை கூட்டி, கிளாம்ப் போட்டுப் பாருங்கள். வெளி மூலைவிட்டம் இரண்டும் சுமார் 268 மி.மீ. வர வேண்டும். எண்ணைவிட இரண்டும் சமமாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று நீளமாக இருந்தால் அந்த இரு மூலைகளையும் உள்நோக்கி அழுத்தினால் சரியாகும்.

மரத்தின் முனைப்பக்கம் பசையைக் குடித்துவிடும். குறுக்குப் பலகையின் முனைகளில் மெல்லப் பூசி, இரண்டு நிமிடம் விட்டு, இன்னொரு பூச்சுக் கொடுத்துச் சேருங்கள். கிளாம்ப் அகலவாக்கில் இரண்டு, நீளவாக்கில் இரண்டு. நடுவே கழிவு மரத்துண்டு வைக்காவிட்டால் பலகையில் பள்ளம் விழும். மூலைவிட்டத்தை மறுபடி அளங்கள். வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்தால் அது மரத்துளைக்குள் இறங்கி, வார்னிஷ் அடித்தபின் வெளிறிய திட்டாகத் தெரியும். ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சீவி எடுங்கள்.

வகுப்பு முடியப் பதினைந்து நிமிடம்தான் இருக்கிறதா? பசை டப்பாவைத் திறக்காதீர்கள்.

வகுப்பு 6, 7: ஆணி, அடிப்பலகை, மெருகு

மூலைக்கு இரண்டு ஆணி, நீளப் பலகையின் வெளிப்பக்கத்திலிருந்து. முனையிலிருந்து 6 மி.மீ. உள்ளே, ஆணியைவிட மெல்லிய முன்துளை போட்டுவிட்டு அடியுங்கள். துளை இல்லாமல் அடித்தால் நாக்கு பிளக்கும்.

பிளைவுட்டைச் சுற்றிலும் 2 மி.மீ. மிஞ்சும்படி ஒட்டி, காய்ந்தபின் இழைப்புளியால் சமப்படுத்துங்கள், மூலையிலிருந்து நடுவை நோக்கி. வெளியே தள்ளினால் மூலை தெறிக்கும். அடிக்குப் பிளைவுட் எடுத்ததற்குக் காரணம் உண்டு: சாதாரணப் பலகை ஈரப்பதத்துக்கு ஏற்ப அகலத்தில் விரிந்து சுருங்கும், சுற்றிலும் ஒட்டினால் வெடிக்கும்.

வெளிப்புறத்தை 120, 180, 240 என்ற வரிசையில், மரத்துண்டில் சுற்றிய உப்புத்தாளால் நார் போகும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் இப்போது கண்ணில் படாது, வார்னிஷில் பளிச்சென்று எழும். தூசியைத் துடைத்து, மெல்லிய பூச்சு ஒன்று. காய்ந்ததும் கை வைத்தால் சொரசொரப்பாக இருக்கும். எழுந்து நிற்கும் நார்தான் அது. 240-ஆல் லேசாகத் தடவி, இரண்டாவது பூச்சுக் கொடுங்கள்.