தமிழ் தெரிந்தவர் தானாகவே மலையாளம் கற்பது எப்படி?

தமிழ் தெரிந்தவருக்கு மலையாளம் பாதி தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பாதிதான் தொந்தரவு கொடுக்கிறது. படம் பார்க்கிறோம், கதை புரிகிறது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தும் விடுகிறோம். ஆலப்புழையில் ஒரு கடை வாசலில் நின்று இரண்டு வாக்கியம் பேச வேண்டி வந்தால் வாய் திறப்பதில்லை. அதுவரை நாம் பெரும்பாலும் ஊகித்துக்கொண்டுதான் இருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

அதற்காக ஊகிக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். தமிழர் கையில் இருக்கும் பெரிய வசதியே அதுதான். ஊகித்ததை எழுதி வையுங்கள், பிறகு சரிபாருங்கள். ஆசிரியர் இல்லாமல், தினம் அரை மணி நேரம் ஒதுக்கிப் படிக்கிறவர்களுக்கான வழி இது. மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா, ஒரு கைப்பேசி போதும். மலையாளச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் தருகிறேன்; சரியான ஒலியைக் காதால் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 1: சின்னதாக ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

"மலையாளம் கற்க வேண்டும்" என்பது இலக்கே இல்லை, அது ஆசை. கேரள அரசுப் பேருந்தின் ஊர்ப்பலகையை நிற்காமல் படிப்பது, பாலக்காட்டு உறவினர் வீட்டில் பத்து நிமிடம் பேசுவது, ஒரு சிறுகதையை மூலத்தில் படிப்பது, இப்படி ஏதாவது ஒன்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பேச மட்டும்தான் வேண்டும் என்பவர்களும் எழுத்தைக் கற்றுவிடுங்கள். எழுத்து தெரியாமல் அகராதியைத் தொட முடியாது. அகராதி இல்லாமல் ஊகத்தைச் சரிபார்க்க முடியாது.

படி 2: எழுத்து, இரண்டு வாரம்

அரிச்சுவடி வரிசையில் போகாதீர்கள். முதலில் தமிழ்ச் சாயல் உள்ள எழுத்துகளை எடுங்கள்: உ, ப, த, வ, ண, ற. இவற்றை ஒரே மாலையில் பிடித்துவிடலாம். எகர, ஒகரக் குறிகளும் நம்மைப் போலத்தான். எகரக் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், ஒகரம் இரண்டு பக்கமும் அணைக்கும். 'ட' மட்டும் ஆங்கில எஸ் போல வளைந்து கண்ணை ஏமாற்றும்.

அடுத்து நமக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒலிகள்: க, ச, ம, ய, ர, ல, ள, ழ. க வரிசையில் நான்கு 'க' இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். திராவிடச் சொற்களில் மலையாளமும் நம்மைப் போலவே ஒரு 'க'வை வைத்துக்கொண்டு இடத்துக்கு ஏற்ப ஒலிக்கிறது. 'பகல்' என்று எழுதி, நாம் சொல்வது போலவே மெலிந்த ககரத்தோடு சொல்கிறார்கள். மூச்சொலி எழுத்துகள், அதாவது மூச்சை அழுத்தி விட்டுச் சொல்பவை, பெரும்பாலும் வடசொற்களில்தான் வரும். அவற்றை இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

கடைசியாகச் சில்லெழுத்துகள். ன், ர், ல், ள், ண் ஆகிய ஐந்துக்கும் தனி வடிவம் உண்டு. சொல்லின் கடைசியில் அடிக்கடி வருவதால் இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று: நாம் 'ந', 'ன' என்று பிரித்து எழுதும் இரண்டு ஒலிக்கும் மலையாளத்தில் ஒரே எழுத்து. எங்கே எந்த ஒலி என்பது தமிழருக்குப் பெரும்பாலும் இயல்பாகவே வந்துவிடும். 'பாட்டு', 'காற்று' போன்ற சொற்களின் கடைசியில் உகரத்தை முழுசாகச் சொல்லாமல் குறைத்துச் சொல்கிறோமே, நம் குற்றியலுகரம், அதைச் சந்திரக்கலை என்ற குறி போட்டுக் காட்டுவார்கள். 'ற்ற' மட்டும் தமிழ்நாட்டாருக்குக் கொஞ்சம் பழக வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கு அதுவும் தேவையில்லை.

தினம் ஒரு பக்கம் கையால் எழுதுங்கள். உங்கள் பெயர், தெரு, வீட்டில் உள்ளவர்கள் பெயர், மளிகைச் சீட்டு, எல்லாவற்றையும் மலையாள எழுத்தில் எழுதுங்கள். தட்டச்சு அப்புறம்.

படி 3: ஒலி மாறும் வழியைப் பிடியுங்கள்

இனித்தான் ஊகம் வேலை செய்யத் தொடங்கும். தமிழின் ஐகார ஈறு மலையாளத்தில் அகரமாக நிற்கும்: தலை 'தல', மழை 'மழ', மலை 'மல'. மெல்லினத்தை அடுத்த வல்லினம் பல இடங்களில் மெல்லினமாகவே மாறிவிடும்: தேங்காய் 'தேங்ங', மாங்காய் 'மாங்ங', கஞ்சி 'கஞ்ஞி', மஞ்சள் 'மஞ்ஞ', நடந்து 'நடந்நு'.

இந்த இரண்டு விதிகளை வைத்துக்கொண்டே நூற்றுக்கணக்கான சொற்களை நீங்களே உண்டாக்கிப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். 'அஞ்சு' அங்கேயும் அஞ்சுதான், 'அஞ்ஞு' ஆவதில்லை. சரிபார்க்க 'ஓளம்' என்ற இணைய அகராதி இருக்கிறது, இலவசம். கொஞ்சம் தேறியபின் குண்டர்ட் அகராதியையும் புரட்டலாம்.

ஹெர்மன் குண்டர்ட் நம் பாதையில் முன்பே போனவர். ஜெர்மன்காரர், 1836-இல் சென்னைக்கு வந்து தமிழ் கற்றார், 1839 முதல் தலச்சேரியில் இருந்துகொண்டு மலையாளத்தில் இறங்கினார். ஆட்களிடம் கேட்டும் பழைய ஏடுகளைத் தேடியும் சொற்களையும் பழமொழிகளையும் சேர்த்தார். 1872-இல் வந்த அவருடைய மலையாளம்-ஆங்கில அகராதியை இன்றைக்கும் ஆய்வாளர்கள் எடுக்கிறார்கள். கேட்டதை எழுதிவைக்கும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: ஊக நோட்டு

இந்த வழியில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம், கேட்ட அல்லது படித்த சொல்லும் அதற்கு நீங்கள் ஊகித்த பொருளும். வலப்பக்கம், சரிபார்த்த பிறகு தெரிந்த பொருள். ஊகம் சரியாக இருந்தால் ஒரு டிக். தவறாக இருந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். அகராதியை உடனே திறக்காதீர்கள். முதலில் ஊகத்தை மையில் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் விடையைப் பார்த்ததும் "இதுதான் நானும் நினைச்சேன்" என்று மனசு சொல்லிவிடும்.

சிவப்பு மை எங்கெல்லாம் விழும் என்பதற்குச் சில:

'வெள்ளம்' என்றால் தண்ணீர். வெள்ளம் வந்தால் அது 'வெள்ளப்பொக்கம்'. 'பனி' என்றால் காய்ச்சல்; நம் பனிக்கு அங்கே 'மஞ்ஞு'. 'அவசரம்' என்றால் வாய்ப்பு. 'சம்சாரிக்குக' என்றால் பேசுவது, நாம் 'சம்சாரம்' என்று சொல்லும் பொருள் அதில் இல்லை. 'பட்டி' என்றால் நாய். உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் சிலர் சிரிப்பதற்குக் காரணம் அதுதான்.

இதெல்லாம் ஒருமுறை பட்டால் மறக்காது. பொருள் அரைகுறையாகப் பொருந்தும் சொற்கள்தான் ஆபத்து. 'படிக்குக' என்பது கற்பதற்கு மட்டும். பத்திரிகையைப் 'வாயிக்குக'தான் செய்ய வேண்டும். "பத்ரம் படிச்சு" என்று நாம் சொன்னால், பேப்பரை யாரோ பாடமாகக் கற்றது போல அவர்கள் காதில் விழும்.

எல்லாவற்றையும்விட மோசமானது 'அறியாம்'. "எனிக்கு அறியாம்" என்றால் எனக்குத் தெரியும். தமிழ்க்காது அதை 'அறியாமல்' என்று எடுத்துக்கொண்டு, பாவம், இவருக்கு வழி தெரியவில்லை என்று நகர்ந்துவிடும். தெரியாது என்பதற்கு 'அறியில்ல'. இந்த ஜோடியைத் தனிப்பக்கத்தில் எழுதி, பத்து வாக்கியம் அமைத்துப் பழகுங்கள்.

படி 5: தினம் ஐந்து வாக்கியம்

மூன்றாவது வாரம் முதல் நாட்குறிப்பு. இலக்கியம் வேண்டாம், அன்றைக்கு நடந்தது போதும்.

"இந்நு ஞாயறாழ்ச்சயாணு. ஞான் ராவிலெ வைகி எழுந்நேற்று. மழ பெய்து. கடயில் போயில்ல. சாய குடிச்சு." இன்று ஞாயிற்றுக்கிழமை. நான் காலையில் தாமதமாக எழுந்தேன். மழை பெய்தது. கடைக்குப் போகவில்லை. டீ குடித்தேன்.

வினையைக் கவனியுங்கள். நான் வந்தேன், அவன் வந்தான், அவர்கள் வந்தார்கள் என்று நாம் ஆளுக்கு ஒரு விகுதி சேர்க்கிறோம். அங்கே ஞான், அவன், அவர் எல்லாருக்கும் 'வந்நு' ஒன்றுதான். நிகழ்காலத்துக்கு 'வருந்நு', வருங்காலத்துக்கு 'வரும்'. எதிர்மறைக்கு 'வந்நில்ல', 'வருந்நில்ல', 'வரில்ல'. தமிழ் கற்க வரும் வெளியூர்க்காரர்கள் விகுதிகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று புரியும்.

சலுகைக்கு ஈடாக ஒன்றைக் கேட்கிறார்கள்: 'ஆணு'. "இது என் வீடு" என்று நாம் நிறுத்திவிடுவோம். மலையாளத்தில் "இது என்டெ வீடாணு". மறுப்பதற்கு 'அல்ல': "இது என்டெ வீடல்ல". முதல் மாத நோட்டில் சிவப்பு மை அதிகம் விழுவது இந்த ஆணு விட்டுப்போன இடங்களில்தான் இருக்கும்.

எழுதியதைத் திருத்த ஆள் இல்லையா? கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். தமிழில் எழுதி மலையாளம் கேட்கக் கூடாது. நீங்கள் எழுதிய மலையாளத்தை அதில் போட்டுத் தமிழில் என்ன வருகிறது என்று பாருங்கள். நீங்கள் நினைத்தது வந்தால் ஓரளவு சரி. வேறு ஏதோ வந்தால் எந்தச் சொல்லில் சறுக்கியது என்று தேடுங்கள். செயலியும் தப்பு செய்யும், பிழையான வாக்கியத்தைத் தானே சரிசெய்து படித்துக்கொள்ளவும் செய்யும். ஆகவே வாரம் ஒருமுறையாவது மலையாளி நண்பர் ஒருவரிடம் நோட்டைக் காட்டுங்கள்.

படி 6: காது

தமிழ் வசன வரியோடு படம் பார்ப்பது பொழுதுபோக்கு, பயிற்சி இல்லை. கண் தமிழைப் படிக்கும்போது காது லீவு போட்டுவிடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு நிமிடப் பேச்சை எடுங்கள். ஆகாசவாணி மலையாளச் செய்தி நல்லது, தெளிவாகவும் சீராகவும் படிப்பார்கள். ஒருமுறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை, பிடிபட்ட சொற்களை எழுதுங்கள். மூன்றாம் முறை, கூடவே சொல்லுங்கள்.

செய்தியில் வடசொல் நிறைய இருக்கும். கல்வி என்று சொல்ல 'வித்யாப்யாசம்' என்பார்கள். பேச்சுமொழி வேறு ஊர் மாதிரி. "எந்தாணு செய்யுந்நது" என்பது பேச்சில் "எந்தா செய்யணே" என்று சுருங்கிவிடும். அதனால் இரண்டாவது மாதத்திலிருந்து ஒரு நாள் செய்தி, ஒரு நாள் நேர்காணல் அல்லது சமையல் காணொளி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 7: வாய்

நாலு வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள். இவை இருந்தால் உரையாடல் அறுந்துபோகாது.

"ஞான் மலயாளம் படிக்குகயாணு." நான் மலையாளம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.
"பதுக்கெ பறயாமோ?" மெதுவாகச் சொல்ல முடியுமா?
"ஒந்நுகூடி பறயாமோ?" இன்னொரு முறை சொல்ல முடியுமா?
"இதினு மலயாளத்தில் எந்தா பறயுக?" இதை மலையாளத்தில் எப்படிச் சொல்வது?

முதல் வாக்கியத்தை முதலில் சொல்லிவிடுங்கள். நம் உச்சரிப்பைக் கேட்டதும் பலர் உடனே தமிழுக்குத் தாவிவிடுவார்கள். அன்புதான், ஆனால் நம் பயிற்சி போய்விடும். புரிந்தால் 'மனசிலாயி', புரியாவிட்டால் 'மனசிலாயில்ல'. புரியாதபோது தலையாட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

மரியாதை விஷயத்தில் கவனம் வேண்டும். நம் 'நீங்கள்' மாதிரிதானே என்று 'நிங்ஙள்' போட்டுப் பெரியவர்களிடம் பேசினால் பல இடங்களில் அது முகத்தில் அடித்தது போலத் தொனிக்கும். 'சேட்டா' (அண்ணா), 'சேச்சீ' (அக்கா) என்று உறவு சொல்லி அழைத்து, முன்னிலைச் சொல்லையே தவிர்த்துவிடுவதுதான் வழக்கம். "சேட்டன் எப்போ வந்நு?" என்று கேட்டால் போதும்.

கோவை, கன்னியாகுமரி, கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஆள் தேட வேண்டிய வேலையே இல்லை. மற்ற ஊர்களில் பக்கத்து டீக்கடையோ பேக்கரியோ ஒரு மலையாளி நடத்துவதாக இருக்கலாம். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆளே கிடைக்காவிட்டால் அன்றைய நாட்குறிப்பை உரக்கப் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

படி 8: ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

வாரம் ஒருமுறை புதிதாக எதுவும் படிக்காமல் நோட்டை மட்டும் திருப்புங்கள். சிவப்பு மையில் உள்ளவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: பொருளில் தவறியவை, வினையிலும் ஈற்றிலும் தவறியவை, காதில் தவறியவை. எது அதிகமோ அடுத்த வாரத்தின் அரை மணி நேரம் அதற்குப் போகட்டும். பொருளில்தான் தவறு என்றால் வாசிப்பைக் கூட்டுங்கள். ஈற்றில் என்றால் நாட்குறிப்பு. காதில் என்றால் செய்தி. கூடவே, வலப்பக்கத்தை மூடிக்கொண்டு பழைய பக்கம் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். மறந்தவற்றைப் புதிய பக்கத்துக்கு மாற்றி எழுதுங்கள்.

இரண்டு மூன்று வாரம் ஒரு டிக் கூடத் தவறாமல் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். தெரிந்த சொற்களையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள், வாசிப்பைக் கடினமாக்குங்கள்.

வாசிப்பு வரிசை இப்படி இருக்கட்டும். கேரள அரசின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், அங்கே தொடங்குங்கள். அடுத்து மாத்ருபூமி, மலையாள மனோரமா போன்ற நாளிதழ்களின் தலைப்புச் செய்திகள் மட்டும், தினம் மூன்று. விளையாட்டுப் பக்கம் எளிது, தலையங்கத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். மூன்றாவது மாத முடிவில் ஒரு சிறுகதைக்குப் போகலாம். பழைய புத்தகக் கடையில் வாங்குவதாக இருந்தால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 1971-இல் கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து பல கூட்டெழுத்துகளையும், மெய்யோடு ஒட்டி எழுதிய உகரக் குறிகளையும் பிரித்தது. அதற்கு முந்தைய அச்சில் நீங்கள் கற்ற எழுத்தே அடையாளம் தெரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் கதையைப் புதிய பதிப்பில் வாங்குங்கள், பழைய அச்சை ஆறேழு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.