கோயிலில் சத்தம் இருக்கிறது, சொல் புரியவில்லையா? வால்யூமில் கை வைக்காதீர்கள்

எங்கள் ஊர் கிறிஸ்தவ ஆலயத்தில் கல்யாண ஓலை (யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு) வாசித்து முடித்ததும் பின்வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்து "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுக்கொள்வது பல வருட வழக்கம். ஆயர் சத்தமாகத்தான் வாசிப்பார், ஸ்பீக்கரும் அலறும், பெயர் மட்டும் பிடிபடாது. கமிட்டி கூடிப் பேசி, பீடத்துக்கு இரண்டு பக்கமும் 15 அங்குலப் பெட்டி இரண்டை வாங்கி வைத்தோம் (கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்). முன்வரிசைப் பெரியவர்களுக்குக் காது வலித்தது. பின்வரிசையில் அதே கேள்வி.

ஆலயம் காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். அந்தச் சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகிறதோ, அதுதான் உங்கள் பிரச்சினையின் அளவு. உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், மொசைக் தரை எல்லாமே ஒலியைத் திருப்பி எறிபவை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது. அ, ஆ போன்ற உயிர் ஓசைகளில்தான் பலம் அதிகம். க, ச, த, ப எல்லாம் மெலிந்தவை, முந்தைய சொல்லின் வாலுக்கு அடியில் முதலில் மூழ்குவது இவைதான். 'வழி' என்றது 'வலி' என்று கேட்டால் பழி பிரசங்கியார் நாக்குக்கு. 'கடல்' என்றது 'உடல்' என்று கேட்டால் அது கட்டடத்தின் வேலை. வால்யூமைக் கூட்டினால் சொல்லும் வாலும் சேர்ந்தே கூடும் என்பதால் லாபம் எதுவும் இல்லை.

சத்தம் அடங்க ஆகும் இந்த நேரத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஹார்வர்டில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த வாலஸ் சபைன், 1895இல் ஒரு புது விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்கப் போய், ராத்திரிகளில் பக்கத்து அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளைச் சுமந்துவந்து போட்டுப் போட்டு அளந்து கண்டுபிடித்த சூத்திரம் அது: கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் பரப்பால் வகுக்க வேண்டும். 30 மீட்டர் நீளம், 12 அகலம், 10 உயரம் உள்ள ஆலயம் என்றால் 3600 கன மீட்டர். உள்பரப்பு 1560 சதுர மீட்டர். அதில் சுமார் 5 சதவீதம்தான் விழுங்கும் என்று வைத்தால் 78, விடை ஏழு விநாடிக்கு மேல். ஆள் ஒருவர் அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக விழுங்குவார், திறந்த ஜன்னல் தன் பரப்பு முழுவதையும் விழுங்கும். 300 பேர் உட்கார்ந்து 30 சதுர மீட்டர் ஜன்னலும் திறந்திருந்தால் சுமார் 2.4 விநாடிக்கு இறங்கும். பேச்சுக்கு ஒன்று, ஒன்றேகால் விநாடி இருந்தால் சுகம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் நன்றாகப் புரிவதும், பத்துப் பேர் வரும் வாரநாள் ஜெபக் கூட்டத்தில் ஒன்றும் புரியாததும் இதனால்தான்.

கட்டடத்தில் கை வைக்க அனுமதி கிடைத்தால் முதலில் பின்சுவரைக் கவனியுங்கள். பீடத்திலிருந்து கிளம்பிய ஒலி 25 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் மோதி முன்வரிசைக்குத் திரும்ப ஏறக்குறைய 145 மில்லி செகண்ட் ஆகும், அது தனி எதிரொலியாகவே கேட்கும். இரண்டு அங்குலக் கண்ணாடிக் கம்பளியைத் துணியில் பொதிந்து சட்டமடித்து மாட்டலாம். இல்லை, கனமான திரையை நிறைய மடிப்போடு தொங்கவிடலாம். முட்டை அட்டை ஒட்டுவது வேண்டாம், பேச்சுக்கு அதனால் பெரிய பலன் இல்லை, பார்க்கவும் சகிக்காது.

அடுத்தது ஸ்பீக்கர். பெரிய பெட்டி இரண்டை முன்னால் வைத்துக் கத்தவிடுவதற்குப் பதில், ஒல்லியான காலம் (column) ஸ்பீக்கர்களை, அதாவது சின்ன ஸ்பீக்கர்களை வரிசையாக அடுக்கிய நீளப் பெட்டிகளை, தூண்களில் ஆறு முதல் எட்டு மீட்டருக்கு ஒரு ஜோடியாக மாட்டி, எல்லாவற்றையும் மெதுவாகப் பேசவிடுங்கள். கேட்பவருக்கு ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் நேர் ஒலி ஜெயிக்கும், தூரத்தில் இருந்தால் எதிரொலி ஜெயிக்கும், அவ்வளவுதான் விஷயம். காலம் ஸ்பீக்கரை நெட்டுக்குத்தாகவே மாட்ட வேண்டும். இடம் பார்த்துப் படுக்கவைத்து மாட்டிய ஆலயங்களைப் பார்த்திருக்கிறேன். நின்றால் ஒலி பக்கவாட்டில் விரிந்து ஜனங்கள் மேல் விழும், படுத்தால் கூரைக்கும் தரைக்கும் போகும். கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்க்கவிடுங்கள். வயர் நீளம் என்பதால் ஒலியை உயர்ந்த வோல்டேஜில் அனுப்பும் 100 வோல்ட் லைன்தான் வசதி. எல்லா ஸ்பீக்கர் டேப்புகளின் (ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை வாட் எடுக்கட்டும் என்று தேர்ந்தெடுக்கும் முனை) வாட்டையும் கூட்டினால் ஆம்பின் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அப்புறம் டிலே, அதாவது பின்னால் உள்ள ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே கொஞ்சம் தாமதப்படுத்துவது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும், வயரில் மின்சாரம் உடனே போய்விடும். 15 மீட்டர் தள்ளியுள்ள ஜோடிக்குப் பீடத்து ஒலி வந்துசேரச் சுமார் 43 மில்லி செகண்ட் ஆகும். அதோடு பத்துப் பதினைந்து சேர்த்து 55 வைத்தால், பக்கத்து ஸ்பீக்கர் பேசினாலும் குரல் பீடத்திலிருந்து வருவதாகவே காது நம்பும். ஜோடி ஜோடியாகப் பிரிக்கக் காசு இல்லையென்றால் முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகவாவது பிரியுங்கள்.

மைக்கில் செலவில்லாத லாபம் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் சும்மா கிடைக்கும். பிரசங்க பீடத்து மைக் 20, 25 சென்டிமீட்டரில் இருக்கட்டும். பிரசங்கம் தொடங்கியதும் பாடகர் குழு மைக்குகளை மூடுங்கள். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விசில் வரும் எல்லை 3 டெசிபல் நெருங்கிவரும். கை மைக்கின் தலையைப் பொத்திப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். கேட்பார்கள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

மிக்சரில் கீழ் ஒலியை வெட்டும் லோ கட் பொத்தானை அமுக்கி, 250 முதல் 400 ஹெர்ட்ஸ் பக்கம் மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். துணியும் ஜனங்களும் மேல் ஒலியை விழுங்கும் அளவுக்குக் கீழ் ஒலியை விழுங்குவதில்லை, முழக்கம் அங்கேதான் தேங்குகிறது. எக்கோ குமிழைப் பேச்சுக்குப் பூஜ்யத்தில் வையுங்கள். ஜெபம் உருக்கமாக இருக்கும் என்று கேட்பார்கள். ஏற்கெனவே இரண்டரை விநாடி எக்கோவைக் கட்டடமே இலவசமாகத் தருகிறது என்று சொல்லுங்கள்.

மின்விசிறி இரைச்சலைவிடக் குரல் 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும், ஆகவே கடகடக்கும் ஃபேன் பேரிங்கை மாற்றுவதும் சவுண்ட் வேலைதான். ம்ம்ம் என்ற இரைச்சல் வந்தால் கீபோர்டையும் மிக்சரையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்து, நடுவில் டிஐ பாக்ஸ் (கீபோர்டு சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி இரைச்சல் இல்லாமல் மாற்றித் தரும் சின்னப் பெட்டி) போட்டுப் பாருங்கள்.

சோதனைக்கு ஆப் எதுவும் தேவையில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைவதற்குள், முன்பின் சொல்லாத இருபது பெயர்களையும் பாமாலை எண்களையும் ஒருவர் சாதாரணக் குரலில் வாசிக்கட்டும். முன்வரிசை, நடு, பால்கனிக்கு அடியில், கடைசி வரிசை என்று நாலு பேர் எழுதட்டும். பால்கனிக்கு அடியில்தான் எங்களுக்கு முதல் வாரம் ஆறு தப்பு. அங்கே சின்ன ஸ்பீக்கர் ஒன்று சேர்த்த பிறகு ஒன்றாகக் குறைந்தது, அதுவும் 46க்கும் 146க்கும் உள்ள பழைய தகராறு.