கெத்தாராமவில் பெரிய போட்டி வருகிறதா? ஒழுங்கைக்குக் கான் கேட்கும் வழி

கொழும்பு கெத்தாராமவில் இருக்கும் ஆர். பிரேமதாச மைதானத்தில் உலகக் கிண்ண ஆட்டம் என்று அறிவித்த கிழமையே உங்கள் ஒழுங்கைக்குக் கான் (மழைநீர் வடிகால்) கேட்டுக் கடிதம் எழுதும் வேலையைத் தொடங்குங்கள். கடைசி மாதத்தில் போனால் சுவருக்குப் பெயின்ட் அடித்து நாலு பூச்சட்டி வைப்பார்கள், அவ்வளவுதான்.

போட்டி வராவிட்டாலும் தேவைப்படுவதை மட்டும் கேளுங்கள். டெல்லியில் 2010 ஒக்டோபரில் பொதுநலவாய விளையாட்டு முடிந்துவிட்டது, விமான நிலைய மெட்ரோ திறந்ததோ 2011 பெப்ரவரியில். பிந்தினாலும் சனத்துக்குப் பயன்படுகிறது. பூச்சட்டி பிந்தினால் யாருக்கு என்ன?

திகதி நெருங்கினால்தான் நம் ஊரில் வேலை ஓடும். விளையாட்டு இல்லைதான், ஆனாலும் பாருங்கள்: 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாடு, கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்தது ஒக்டோபரில். அந்த அவசரத்தை நாமும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மழை வந்தால் மைதான ஊழியர்கள் முழுப் புல்தரையையும் மூடிவிடுகிறார்கள், விட்டதும் தண்ணீரை இறைத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். வெளியே கான் அடைத்துக் கிடந்தால் அதே மழை வாசற்படிக்கு வரும். ஆகவே கடிதத்தில் "எங்கள் பகுதியை மேம்படுத்துங்கள்" என்று எழுதாதீர்கள், அது குப்பைக்கூடைக்குப் போகும். எந்தக் கடைக்கு முன்னால், எத்தனை அடி, எத்தனை மூடி உடைந்திருக்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று எழுதி, வெயிலில் ஒன்றும் மழையில் ஒன்றுமாக அதே இடத்துப் படம் வையுங்கள். மருதானைப் பக்கமிருந்து நடந்து வரும் ரசிகர்கள் இந்த வழியால்தான் போவார்கள் என்றால் அதை முதல் வரியிலேயே போடுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதிலும் கேட்கலாம்.

வீதி மாநகர சபையுடையதா, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள், இல்லாவிட்டால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எவ்வளவு ஒதுக்கினார்கள், போட்டி முடிந்த பிறகு பராமரிப்பு யார் பொறுப்பு, இரண்டையும் கேளுங்கள். அப்புறம், நடைபாதை வியாபாரிகளை எங்கே அனுப்பப் போகிறார்கள், திரும்பி வர விடுவார்களா என்பதையும். அழகுபடுத்தல் என்று சொல்லித்தான் முதலில் அவர்களை எழுப்புவார்கள்.

வேலை முடிந்ததும் முழுப் பணமும் ஒப்பந்தக்காரருக்குப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், குறைபாடு திருத்தும் காலம் என்று ஒன்று வழக்கமாக ஒப்பந்தத்தில் இருக்கும், அது முடியும்வரை அவர் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள். அந்தத் திகதியையும் கேட்டு வாங்கி, முதல் பெருமழைக்குப் பிறகு உடைந்த மூடிகளின் பட்டியலோடு போய் நில்லுங்கள்.